திரும்பச் சூடாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? (சோற்றிலும் கறியிலும் பற்றீரியா பெருகுவது பற்றி)

தாவடி நிலா:

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில் எங்கள் உறவினர் வீட்டில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். முதல்நாள் இரவே பெரிய கிடாரத்தில் சோறு வடித்து, மூடி, குசினியில் அப்படியே வைத்துவிட்டார்கள். மறுநாள் பகல் அதை மரக்கறியும் முட்டையும் போட்டுத் தாச்சியில் ஆவி பறக்கப் பொரித்துப் பரிமாறினார்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் பலருக்கு வாந்தி. சிறுவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மறுநாளைக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்பது ஆறுதல்.

எனக்கு விளங்காதது இதுதான். சோற்றில் புளித்த வாடை இல்லை, நூல் விடவில்லை. பொரித்து இறக்கியபோது தொட முடியாத சூடு. கொதிக்கும் சூட்டில் கிருமி செத்துப்போகும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? வீட்டுக்காரர் முட்டையின்மேல் பழியைப் போட்டு, கடைக்காரரோடு சண்டைக்கும் போய்விட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நல்லூர் மடைப்பள்ளி:

தங்கச்சி, முட்டையாகத்தான் இருக்கும். கலியாணம், அந்தியேட்டி என்று நான் சமைக்காத வீடு நல்லூரில் குறைவு. சோற்றை மட்டும் உண்டு எவரும் படுத்ததை நான் கண்டதில்லை. சோறு கெட்டால் மூக்கு சொல்லும், விரல் சொல்லும். வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை என்றால் சோற்றைக் குறை சொல்லாதீர்கள்.

உயிரியல் ரீச்சர்:

அனுபவத்தில் பேசுகிறீர்கள் ஐயா, மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் மூக்கை நம்ப முடியாது. நிலா சொல்லும் அடையாளங்கள் எல்லாம் பசில்லஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவைத்தான் காட்டுகின்றன. சமைத்துவிட்டு வெளியே வைத்த சோறு, பொரித்த சோறு, சில மணித்தியாலத்துக்குள் வாந்தி, ஒரு நாளைக்குள் சுகம். 1970களில் பிரித்தானியாவில் சீன உணவகங்களின் பொரித்த சோற்றை உண்டவர்களிடம் இதே நோய் கண்டறியப்பட்டது. அங்கேயும் வேகவைத்த சோற்றை இரவு முழுவதும் வெளியே விட்டு மறுநாள் பொரித்திருந்தார்கள். முட்டையில் வரும் சல்மொனெல்லா என்றால் பெரும்பாலும் ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தொடங்கும். காய்ச்சலும் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும், இவ்வளவு விரைவில் விட்டும் போகாது.

இந்தப் பற்றீரியா மண்ணில் வாழ்வது. வயலிலிருந்து நெல்லோடு அரிசிக்கு வருகிறது, ஆனால் வித்தி வடிவில். நெல்மணி மழைக்குக் காத்துக் கிடப்பதுபோல வித்தியும் நீரும் இதமான சூடும் கிடைக்கும்வரை உறங்கிக் கிடக்கும். சோறு கொதிக்கும்போது உயிர்ப்போடு இருக்கும் பற்றீரியாக்கள் எல்லாம் மடிகின்றன, வித்தி மடிவதில்லை. சோறு ஆறி 50 பாகைக்குக் கீழே இறங்கியதும் முளைக்கிறது. போட்டிக்கு வேறு கிருமிகளும் இல்லை, எல்லாவற்றையும் நாமே கொதிக்கவைத்துக் கொன்றுவிட்டோம்.

அதன்பிறகு நடப்பது இருகூற்றுப் பிளவு. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். உகந்த நிலையில் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கும். காசநோய்க் கிருமிக்கு 15 முதல் 20 மணித்தியாலம் வேண்டும். நாங்கள் பேசும் கிருமிக்கு அரை மணித்தியாலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 மணித்தியாலத்தில் 20 தடவை இரட்டிக்கிறது. ஒரேயொரு கலம் 10,48,576 ஆகிவிடும். இரவு எட்டு மணிக்கு ஆறத் தொடங்கிய சோறு காலை ஆறு மணிக்கு எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தாவடி நிலா:

நன்றி ரீச்சர். ஆனால் அந்தப் பத்து இலட்சத்தையும் மறுநாள் தாச்சியில் போட்டுப் பொரித்தார்களே? வித்தி தப்பும் என்றாலும், முளைத்துப் பெருகியவை சூட்டில் செத்திருக்க வேண்டும் அல்லவா?

ஆய்வுகூடத்திலிருந்து:

அக்கா, சரியான இடத்தில் கேட்டீர்கள். அவை செத்துத்தான் போயின. ஆனால் சாவதற்கு முன் சோற்றுக்குள் ஒரு நச்சைச் சுரந்து வைத்திருந்தன. செரியுலைட் என்று பெயர். உயிரில்லாத வேதிப்பொருள், அதைக் கொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. 121 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தாலும் அது சிதைவதில்லை. அந்தச் சூடு எங்கள் ஆய்வுகூடத்தில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அழுத்தக் கலத்தின் சூடு. வீட்டுத் தாச்சி எம்மாத்திரம்?

மூக்கைப் பற்றியும் ஒன்று. உணவில் கெட்ட வாடை எழ ஒரு கிராமில் ஒரு கோடி அளவிலாவது பற்றீரியா சேர வேண்டும். பசில்லஸ் சீரியஸ் ஒரு கிராமில் ஒரு இலட்சம் ஆனாலே நாங்கள் ஆபத்து என்று எழுதுகிறோம். இடைப்பட்ட அந்தத் தொலைவு முழுவதும் சோறு நல்ல சோறு போலவே மணக்கும்.

ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவும் இப்படித்தான். கையில் சீழ்ப்புண் இருப்பவர், மூக்கைத் தொட்ட கையைக் கழுவாதவர், சமைத்து ஆறிய உணவைப் பிசைந்தால் அது ஒட்டிக்கொள்ளும். பெருகியபின் அது சுரக்கும் நச்சு கொதியைத் தாங்கும். இதனால்தான் "திரும்பச் சூடாக்கினோம்" என்ற சமாதானத்தை நாங்கள் ஏற்பதில்லை.

நல்லூர் மடைப்பள்ளி:

தம்பி, நீங்கள் எல்லாம் படித்தவர்கள். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் அப்பு, ஆச்சி எல்லோரும் காலையில் பழஞ்சோறுதான் சாப்பிட்டார்கள். முதல்நாள் மீன் குழம்பையும் சுண்டவைத்த கறியையும் போட்டுக் குழைத்து, ஆளுக்கொரு உருண்டை கையில் தருவார்கள். தோட்டத்தில் மத்தியானம் வரைக்கும் அதுதான் பலம். அந்தக் காலத்தில் குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையென்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு சந்ததி மிஞ்சியிருக்கக் கூடாது.

உயிரியல் ரீச்சர்:

ஐயா, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஆச்சி சோற்றை வெறுமனே மூடி வைத்தாரா, தண்ணீர் ஊற்றி வைத்தாரா?

தண்ணீர் ஊற்றியதும் சோறு விரைவில் ஆறுகிறது. அது முதல் காப்பு. பிறகு லக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் அந்த நீரில் பெருகி அதைப் புளிக்கச் செய்கின்றன. பி.எச். அளவு (ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம் என்று காட்டும் எண்) ஐந்துக்குக் கீழே இறங்க இறங்க பசில்லஸ் சீரியசுக்குப் பிழைப்பு கடினமாகிறது. நான்கை நெருங்கினால் நின்றேவிடும். அதே மண்பானையை நாளும் பாவித்ததால் புளிப்பூட்டும் பற்றீரியா பானையிலேயே தயாராக இருந்தது, பெருகத் தொடங்குமுன் எடுக்கும் காத்திருப்பு நேரம் (பின்னிடை அவத்தை) சுருங்கியது. மீன் குழம்பில் பழப்புளி. சுண்டவைத்த கறியில் நீர் வற்றி உப்பும் தூளும் செறிந்திருக்கும். இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை அடுப்பேற்றிக் கொதிக்க வைப்பார்கள். உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு பற்றீரியாவின் கைக்கு எட்டும் என்பதே முக்கியம். உப்பும் சீனியும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

அதே வீட்டில் சொதியை யாராவது மறுநாளைக்கு வைத்தார்களா? வைக்கமாட்டார்கள். தேங்காய்ப்பால், நிறைய நீர், புளிப்பு மிகக் குறைவு. அந்தப் பழக்கத்துக்குள் இருந்த அறிவு பெரியது. பொரித்த சோற்றுக்காக மூடிவைத்த கிடாரத்தில் புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை, ஆறவும் இல்லை. ஆச்சியின் பழஞ்சோற்றைக் காட்டி அதை நியாயப்படுத்துவது ஆச்சிக்குச் செய்யும் அநியாயம்.

வரணிப் பனங்காடு:

ரீச்சர் பி.எச். பற்றிச் சொன்னதால் பனையைப் பற்றியும் எழுதத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் இன்றும் சீவல் நடக்கிறது. ஒரே பனை, ஒரே பாளை, ஒரே கத்தி. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் காலையில் இறக்குவது கருப்பணி (இனிப்பான பதநீர்). பூசாமல் கட்டினால் கள்ளு.

பாளையிலிருந்து சொட்டும் நீரில் பத்து வீதத்துக்கு மேல் சீனி, வெளியில் நல்ல வெப்பம். நுண்ணங்கிக்கு வேறு என்ன வேண்டும்? மதுவமும் (ஈஸ்ட்) சைமோமோனாஸ் என்ற பற்றீரியாவும் முதல் சொட்டு விழுந்ததுமே வேலையைத் தொடங்கிச் சீனியை மதுவாக்குகின்றன. சுண்ணாம்பு நீரின் பி.எச். பன்னிரண்டைத் தாண்டும். அந்தக் காரத்தில் இரண்டாலும் பெருக முடியாது. எங்கள் ஐயா விரலால் முட்டியின் கழுத்தருகே எவ்வளவு தடிப்பாகப் பூசியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். மெல்லியதாக இருந்தால் இறக்கும்போதே நுரை தெரியும். கூடினால் கருப்பணி கைக்கும், காய்ச்சும் பனங்கட்டியும் நன்றாக வராது.

காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் வினாகிரியாகப் புளிப்பது வேறொரு கூட்டத்தின் வேலை. அசற்றிக் அமிலப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் கட்டாயம் வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் விரைவாகப் புளிக்கும். கழுத்துவரை நிரப்பி அடைத்தால் சற்றுத் தாமதமாகும்.

தாவடி நிலா:

ஒட்சிசன் பேச்சு வந்ததால் கேட்கிறேன். மூடிவைத்த பானைக்குள் காற்றில்லை என்றால் கிருமியும் வளராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆய்வுகூடத்திலிருந்து:

கூடவே கூடாது அக்கா. காற்று இருந்தால்தான் வளர்பவை உண்டு, இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளர்பவை உண்டு, காற்றுப் பட்டால் வளரவே மாட்டாதவையும் உண்டு. மூன்றாவது வகைக்குப் பெரிய கிடாரத்து ஆட்டிறைச்சிக் கறி சொந்த வீடு. கொதிக்கும்போது கறியில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. இறக்கி மூடியபின் நடுப்பகுதி பல மணித்தியாலம் 45 பாகையை ஒட்டியே நிற்கும். குளொஸ்திரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ் என்ற பற்றீரியாவுக்கு அந்தச் சூடுதான் மிகவும் பிடித்தம். அந்த நிலையில் பத்து நிமிடத்துக்குள் ஒருமுறை பிளக்கக்கூடியது. விருந்துண்டு போய், விடியப்புறம் வயிற்றைப் பிசைந்து வயிற்றோட்டம் என்று வருபவர்கள், வாந்தி பெரிதாக இல்லை என்றால், நாங்கள் முதலில் கேட்பது இறைச்சி எத்தனை மணிக்குச் சமைத்தது என்பதைத்தான்.

கொக்குவிலான், ரொறன்ரோ:

நான் இங்கே ஒரு பெரிய சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு முதல்நாளே மனப்பாடம் செய்விக்கும் விதி இதுதான்: சமைத்த உணவு 60 பாகையிலிருந்து 20 பாகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் இறங்க வேண்டும், 20 இலிருந்து 4 பாகைக்கு அடுத்த நான்கு மணித்தியாலத்துக்குள். 60 க்கு மேலே வைத்திரு, அல்லது 4 க்குக் கீழே கொண்டுபோ. இடையில் நிற்காதே.

ஊரில் அறைச் சூடே 30 பாகை. தானாக ஆறட்டும் என்று விட்டால் 20 பாகைக்கு அது ஒருபோதும் இறங்காது. ஆகவே முதல்நாள் சமைத்தே ஆக வேண்டுமானால் சோற்றைத் தாம்பாளங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஆவி அடங்கவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

சூடான சாமானை உள்ளே வைத்தால் பெட்டி பழுதாகும் என்று அம்மா இன்றும் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறார். பெட்டிக்குச் சற்று வேலை கூடும், அவ்வளவுதான். ஆனால் கிடாரத்தோடு ஏற்றினால் அதன் நடுப்பகுதி விடியும்வரை ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடேறும். பரப்பி வைப்பதுதான் வழி.

உயிரியல் ரீச்சர்:

குளிர் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கருவைப் பாதிக்கக்கூடிய லிஸ்டீரியா என்ற பற்றீரியா 4 பாகையிலும் மெல்லப் பெருகும். கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளில் பெட்டிக்குள் இருந்தாலும் பழைய உணவு வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் விட்டால் உள்ளே குளிர் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் நிற்கும். திறந்து திறந்து பார்த்தால் நிற்காது.

குருநகர் கடலோடி:

மீனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. சூட்டில் போகாத நச்சு என்றதும் எனக்குச் சூரையும் கும்பளாவும்தான் நினைவுக்கு வந்தன. இந்த இனங்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். செவுளிலும் குடலிலும் இருக்கும் சில பற்றீரியாக்கள், மீன் வெயிலில் கிடந்தால் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். குழம்பு வைத்தாலும் பொரித்தாலும் ரின்னில் அடைத்தாலும் போகாது. உண்டு சற்று நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலையிடிக்கும். பலர் தங்களுக்கு மீன் ஒவ்வாமை என்றே நினைத்து வாழ்நாள் முழுவதும் சூரையை ஒதுக்கிவிடுகிறார்கள். குற்றம் மீனில் இல்லை, பிடித்ததற்கும் ஐஸ் போட்டதற்கும் இடையில் போன நேரத்தில் இருக்கிறது.

எங்கள் படகில் ரெஜிபோம் பெட்டியின் அடியில் நொறுக்கிய ஐஸ், மேலே மீன், திரும்ப ஐஸ் என்று அடுக்குவோம். எங்கள் வெயிலுக்கு மீனின் எடையளவு ஐஸ் வேண்டும். கட்டியாகப் போடக்கூடாது; கட்டி மீனின் தோலில் எல்லா இடமும் படாது. உருகும் தண்ணீர் வடிந்தோடத் துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் மீன் தன் இரத்தத் தண்ணீரிலேயே ஊறும். சந்தையில் மீனை வெறும் பலகையில் பரப்பி, வாளித் தண்ணீரை அள்ளித் தெளித்துப் பளபளப்பாக்கிக் காட்டுகிறார்களே, அந்தத் தண்ணீர் குளிர்ச்சி தருவதில்லை. ஈரத்தைத்தான் தருகிறது. வாங்குபவர்கள் ஐஸ் கேட்கத் தொடங்கினால் விற்பவர்களும் போடுவார்கள்.

கருவாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பை முழுமையாகப் பிடித்த மீனில் நோய்க் கிருமிகள் பெருக முடியாது. ஆனால் மாரி மழை திடீரென்று வந்து அரைகுறையாகக் காய்ந்த மீனைக் கட்டிவைத்தால் சில நாளில் சிவப்புப் படை பிடிக்கும். உப்பு போதவில்லை என்று இன்னும் அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அது உதவாது.

ஆய்வுகூடத்திலிருந்து:

அண்ணை சொன்ன சிவப்புப் படை உப்பையே விரும்பி வாழும் உயிரி. உப்பளப் பாத்திகளில் நீர் வற்றி வரும்போது தெரியும் செந்நிறத்திலும் இந்த இனத்துக்குப் பங்குண்டு. கடலுப்போடு சேர்ந்தே வருகிறது, ஆகவே மேலும் உப்பிடுவது அதற்கு விருந்து வைப்பதுதான். முறைப்படி இது பற்றீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிப்பிரிவு. அதனால் நேரடியாக நோய் வராது. ஆனால் சதையைச் சிதைக்கும். ஈரம் புகுந்து உப்பின் செறிவு குறைந்த இடத்தில் ஸ்டெபிலோகொக்கசும் குடியேறலாம். அதனால் சிவந்த கருவாட்டைக் கழுவிக் காயவைத்து விற்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

வரணிப் பனங்காடு:

கிணற்றையும் சேர்த்துக்கொள்ளலாமா? எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் வெடிப்புகள் வழியே நேரே இறங்கிவிடுகிறது, மண் வடிகட்ட நேரமில்லை. மலக்குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். மாரி வந்தால் எனக்குத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை.

உயிரியல் ரீச்சர்:

நியாயமான கவலை. கிணற்று நீரில் உணவு குறைவு, அதனால் குடற்கிருமிகள் சோற்றில்போல் அங்கே பெருகுவதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும். நெருப்புக் காய்ச்சலுக்கு அது போதும். அங்கே கொதிக்கவைத்தல் முழுமையாக உதவும், ஏனென்றால் கொல்ல வேண்டியது கிருமியை மட்டும்தான். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அணுகுங்கள். குளோரின் இட்டு அரை மணித்தியாலமாவது கழிந்தபின் லீற்றருக்கு அரை மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். 2024 டிசெம்பரில் எங்கள் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் எவ்வளவு துயரத்தைத் தந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கிருமிக்கு ஈரமண்ணும் தேங்கிய நன்னீரும் போதும். காய்ந்த மண்ணிலும் உப்புநீரிலும் நிலைக்காது. கிணற்றைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அதற்கு இங்கே இடம் போதாது.

நல்லூர் மடைப்பள்ளி:

எல்லாவற்றையும் வாசித்தேன். பழஞ்சோறு பற்றி ரீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் ஆச்சி தண்ணீர் ஊற்றித்தான் வைப்பார். ஆனால் ஒரு சமையற்காரனின் கஷ்டத்தையும் கேளுங்கள். முந்நூறு பேருக்கு நண்பகல் பந்தி. கூட்டுக்காரர் நாலு பேர், அடுப்பு மூன்று. இரவே சோறு வைக்காமல் எப்படி முடிப்பது? வீட்டுக்காரர் கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு, பதினொரு மணிக்கே வாழையிலை போட்டுவிடுகிறார்கள். முந்நூறு பேரின் சோற்றைப் பரப்பத் தாம்பாளத்துக்கு எங்கே போவேன்?

கொக்குவிலான், ரொறன்ரோ:

அண்ணை, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. இரவில் செய்யக்கூடியதை இரவில் செய்யுங்கள்: மரக்கறி வெட்டுவது, தூள் வறுப்பது, புளிக்கறி, ஊறுகாய், வடைக்குப் பருப்பு ஊறவைப்பது. சோற்றைக் காலை எட்டு மணிக்குப் பிறகு மூன்று அடுப்பிலும் மாறி மாறி வையுங்கள். வடித்த சோறு கிடாரத்தில் 60 பாகைக்குக் கீழே போகாமல் பந்திக்கு வரட்டும். மூடி, சாக்குச் சுற்றி, தணலில் வைத்தால் சில மணித்தியாலம் நிற்கும். கடைசிப் பந்தி முடிந்தபின் மிச்சச் சோற்றை அயலுக்குப் பொதி கட்டிக் கொடுப்பதானால் அப்போதே கொடுத்து, அன்றைக்கே சாப்பிடச் சொல்லுங்கள். கூலி விடயத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் இன்னும் இருவர் வேண்டும் என்றால் அந்தச் செலவு வீட்டுக்காரருடையது.

தாவடி நிலா:

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். முட்டைக் கடைக்காரரிடம் போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கடைசிக் கேள்வி: 60 பாகை என்பதைக் கையால் தொட்டு எப்படி அறிவது?

ஆய்வுகூடத்திலிருந்து:

கையால் முடியாது அக்கா. 50 பாகையே கைக்குக் கொதிப்பதுபோல்தான் இருக்கும், கிருமிக்கோ அது பிழைக்கும் சூடு. குத்திப் பார்க்கும் உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். வாங்கியதும் நொறுக்கிய ஐசும் சிறிது தண்ணீரும் கலந்த கோப்பையில் வைத்துப் பாருங்கள், பூச்சியம் காட்ட வேண்டும். கிடாரத்தில் அளக்கும்போது மேற்பரப்பும் ஓரமும்தான் முதலில் ஆறும், அங்கேயும் பாருங்கள். நடுவில் மட்டும் குத்தி 70 என்று திருப்திப்படாதீர்கள். ஆறவைக்கும்போது இதற்கு மாறாக நடுவில்தான் பார்க்க வேண்டும்.